ஃபாதர் பெயரில் ஒரு லீவு

ஜூன் 28

ஜெயித்துவிட்டேன். இன்று முதல் இந்தப் பள்ளியின் மாணவர் தலைவர் ரெமிஜியுஸ், பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு.

என்னை எதிர்த்து நின்ற ஜெனால்டு என்னைவிட நன்றாகப் பேசினான். ஒழுக்கம், தூய்மை, நேரந்தவறாமை என்று அவன் மேடையில் அடுக்கிக்கொண்டே போனபோது ஆறாம் வகுப்புப் பையன்கள் ஒருவன் செருப்பை ஒருவன் ஒளித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் ஃபாதரின் நாமவிழாவுக்கு எப்போதும் ஒரு நாள் லீவு; நான் இரண்டு நாள் வாங்கித் தருவேன். அதற்குப் பிறகு என்னைப் பேசவே விடவில்லை. அப்படிக் கைதட்டினார்கள்.

பெரிய மனிதர்களின் டைரியைப் பிற்காலத்தில் ஊரே படிக்குமாம். அப்படிப் படிக்கப் போகிறவர்களுக்காக இந்த வழக்கத்தை எழுதிவைக்கிறேன். ஹெட்மாஸ்டர் எந்தப் புனிதரின் பெயரை வைத்திருக்கிறாரோ, அந்தப் புனிதரின் விழா நாள்தான் அவருக்கும் விழா. அன்று பள்ளி முழுக்க மைதானத்தில் கூடும். மாணவர் தலைவர் மாலை போட்டு, வாழ்த்துப் படித்து, கடைசியில் லீவு கேட்க வேண்டும். ஃபாதர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்காத மாதிரி நிற்பார். இரண்டாம் முறையும் கேட்காது. மூன்றாம் முறை பள்ளியே சேர்ந்து கத்தும்போதுதான் அவருக்குக் காது திறக்கும். விரலை உயர்த்துவார். ஒரு விரல் என்றால் ஒரு நாள்.

ஆபீஸ் வராந்தாவில் இதுவரை இருந்த தலைவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. என் அண்ணன் பெயரும் அதில் உண்டு. எனக்கு அதிலெல்லாம் ஆசை கிடையாது. பெயின்டர் எப்போது வருவார் என்று ஆபீசில் சும்மா கேட்டுவைத்தேன். அரையாண்டு லீவுக்குப் பிறகுதானாம்.

ஜூலை 4

ஹெட்மாஸ்டர் ஃபாதர் இஞ்ஞாசியை மதுரைக்கு மாற்றிவிட்டார்கள். புது ஹெட்மாஸ்டர் வந்தாயிற்று. பெயர் ஃபாதர் எழிலரசன். ஒல்லியாக, உயரமாக இருக்கிறார். இதே பள்ளியில், இதே போர்டிங்கில் தங்கிப் படித்தவராம். மற்ற ஃபாதர்கள் மாடியில் சாப்பிடுவார்கள். இவர் போர்டிங் சாப்பாட்டு அறையில் எங்களோடுதான் சாப்பிடுகிறார். வந்த மறுவேளையே சாம்பார் கெட்டியாகிவிட்டது.

என்னைப் பார்த்ததும், “வாங்க தலைவரே” என்றார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 31

போன வருடம் இதே நாள் ஃபாதர் இஞ்ஞாசியின் விழா. லீவில் நாங்கள் ஆற்றில் குளித்தோம். இன்று கெமிஸ்ட்ரி டெஸ்ட்.

இடைவேளையில் ஜெனால்டு வந்து, புது ஃபாதருக்கு விழா என்றைக்கு என்று ரொம்பப் பணிவாகக் கேட்டான். கோயிலின் பூசைச் சாமான் அறைக்குப் போய், ஒவ்வொரு நாளும் எந்தப் புனிதருக்கு என்று போட்டிருக்கும் காலண்டரை ஜனவரியிலிருந்து புரட்டினேன். டிசம்பர் வரை போய்விட்டு, கண் தவறியிருக்கும் என்று திரும்பவும் ஒரு முறை பார்த்தேன்.

புனித எழிலரசன் என்று ஒருவர் இந்த உலகத்தில் இருந்ததே இல்லை.

ஆகஸ்ட் 10

இன்று இசக்கிராஜாவுக்கு விழா. இவன் என் பக்கத்துக் கட்டில்காரன். குலதெய்வத்தின் பெயர் வைத்தவனுக்கு நாமவிழா எப்படி என்றால், அதற்கும் போர்டிங்கில் வழி இருக்கிறது. விழா கொண்டாடும் பையன் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மேடைமேல் இருக்கும் ஃபாதர் மேசையில் உட்காருவான். அவனுக்கு ஃபாதரே கேசரி பரிமாறுவார். இந்துப் பையன்கள் மட்டும் ஏங்கிப்போகக் கூடாது என்று, அவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு புனிதரைத் தேர்ந்துகொள்ளலாம் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் என்றைக்கோ விதி போட்டுவிட்டார். இசக்கி ஆறாம் வகுப்பிலேயே விவரமாக விசாரித்து, வேறு யாரும் பங்குக்கு வராத நாளாகப் பார்த்து, புனித லாரன்ஸைப் பிடித்துக்கொண்டான். ஒரு தட்டுக் கேசரியும் அவனுக்கே.

ஃபாதர் அவனுக்குப் பரிமாறுவதைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. இசக்கியைப் போலவே ஃபாதரும் ஒரு புனிதரைத் தேர்ந்துகொண்டால் என்ன என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

“எனக்கு ஞானஸ்நானத்துலயே ஒருத்தர் இருக்காருடே. அவரை விட்டுட்டு இன்னொருத்தரைப் பிடிச்சா மனசு வருத்தப்பட மாட்டாரா?” என்றார் ஃபாதர்.

அவர் யார் என்று கேட்டேன். “கேசரி ஆறுது பாரு” என்றார்.

ஆகஸ்ட் 11

ஆக, ஒரு ஞானஸ்நானப் பெயர் இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டும்.

செப்டம்பர் 9

கண்டுபிடிக்கவில்லை. நேற்று மாதா பிறந்தநாள் பூசையில் தூணுக்குப் பின்னால் தூங்கிவிட்டேன். தண்டனையாக இந்த வாரம் முழுக்கக் காலைப் பூசையில் நான்தான் வாசகம் படிக்க வேண்டும். அதற்கு முந்தின மாலை ஃபாதர் அறையில் ஒத்திகை. ஒரு வரியை அவர் படிக்க, நான் திருப்பிப் படிக்க, எங்கே மூச்சு விட வேண்டும் என்றெல்லாம் சொல்லித்தருகிறார். ஒத்திகை முடிந்தால் கடலைமிட்டாய். இது நல்ல தண்டனைதான். வெளியே சொன்னால் கூட்டம் சேர்ந்துவிடும் என்று ரொம்பக் கஷ்டமாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

பெயரையும் கேட்டுப் பார்த்தேன். “தலைவரே, கால்புள்ளியில நிக்கணும்” என்றார்.

நவம்பர் 1

இன்று என்னை நானே மெச்சிக்கொண்டு எழுந்தேன். அப்படி ஒரு திட்டம் கையில் இருந்தது.

நவம்பர் ஒன்று சகல புனிதர்களின் விழா. காலண்டரில் இருப்பவர், இல்லாதவர் எல்லோருக்கும் சேர்த்து. அப்படியென்றால் ஃபாதரின் புனிதர் யாராக இருந்தாலும் இன்று அவருக்கும் விழாதான். இதை மறுத்துப் பேச எந்தப் பேராயராலும் முடியாது. பூக்கடையில் சொல்லி மாலை வாங்கினோம். காலை அசெம்பிளியில் நான் மேடையேறி மாலையைப் போட்டு, வாழ்த்துப் படித்து, லீவு கேட்டேன்.

ஃபாதர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். பையன்களுக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டாம் முறையும் குவித்தார். மூன்றாம் முறை கத்தியதில் பக்கத்துக் கான்வென்ட் சுவருக்கு மேல் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

ஃபாதர் மைக்கைப் பிடித்தார். “சகல புனிதர் விழான்னா எனக்கு மட்டுமா? உங்க எல்லாருக்குந்தானடே விழா. நீங்க எங்கிட்ட லீவு கேட்டுட்டீங்க. நான் யார்ட்ட போய்க் கேக்க?”

மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். விழா நாயகர்கள் எல்லோரும் வரிசையாக வகுப்புக்குப் போகலாம் என்றார். முதல் பீரியடு முழுக்க நான் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தேன். கழற்றக் கூடாது என்று கணக்கு சார் சொல்லிவிட்டார்.

நவம்பர் 2

என் பெயர் இப்போது ‘லீவு’. ஆறாம் வகுப்புப் பொடியன்கள்கூட, “குட் மார்னிங் லீவண்ணே” என்கிறார்கள்.

நவம்பர் 18

வகுப்புத் தலைவர்கள் கூடினார்கள். அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் நான் லீவு வாங்கித்தர வேண்டும், இல்லையென்றால் பேட்ஜைக் கழற்றி ஜெனால்டிடம் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு. கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியவன் எங்கள் வகுப்புத் தலைவன்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவன் தலைவனாக இருக்கக் கூடாது என்றான் ஜெனால்டு. தப்பாகவும் சொல்லவில்லை, அதுதான் எரிச்சல்.

எனக்குக் கவலை இல்லை. பலகையில் அண்ணன் பெயருக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கிறது என்று இன்று விரலால் அளந்து பார்த்தது வேறு காரணத்துக்காக.

நவம்பர் 30

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்று அந்திரேயாவின் விழா. ஆறாம் வகுப்பில் அந்தப் பெயரில் ஒரு பொடியன் இருக்கிறான். வந்த நாளிலிருந்து வீட்டை நினைத்து அழுதுகொண்டே இருப்பவன். இன்றைக்கு மேடையேறி ஃபாதர் மேசையில் உட்கார்ந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஃபாதர் கேசரியில் முந்திரியாகப் பார்த்துப் பொறுக்கி அவன் தட்டில் வைத்தார். டவுனுக்குப் போய் வரத் தாமதமாகி, ஓட்டமும் நடையுமாக அவர் வந்து சேர்ந்ததை நாங்கள் பார்த்தோம். எந்தப் பையனுடைய விழாவையும் அவர் இதுவரை தவறவிட்டதில்லை.

கால்பந்துப் போட்டிக்காக பி.டி. மாஸ்டர் பாக்கியநாதன் சாரும் எங்களோடு சாப்பிட்டார். அவரும் ஃபாதரும் இங்கே ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். மேடையைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

“ஸ்தேவான் ஒரு நாள்கூட அங்க உக்காந்ததில்ல.”

எந்த ஸ்தேவான் என்று கேட்டேன். சார் தாடையால் ஃபாதரைக் காட்டினார். பிறகு முழுக்கதையும் வந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஸ்தேவான். கல்லூரிக்குப் போன பிறகு தமிழ்ப்பற்றில் எழிலரசன் என்று மாற்றிக்கொண்டார். புனித ஸ்தேவானின் விழா டிசம்பர் இருபத்தாறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். எந்த வருடமும் அன்று பள்ளி கிடையாது, போர்டிங் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லோருடைய விழாவுக்கும் கைதட்டினார், அவருடைய விழா மட்டும் வரவே இல்லை. சாமியார் ஆன பிறகும் அதே கதைதானாம். நள்ளிரவுப் பூசை முடிந்த களைப்பில் ஊரே தூங்கும். மற்ற ஃபாதர்மார் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். இவருக்கு இப்போது ஊரில் யாரும் இல்லாததால் பள்ளிக்கூடத்துக்குக் காவல் இருப்பார்.

சார் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை இசக்கி தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டான்.

டிசம்பர் 1

லீவு நாளில் லீவு கேட்ட முதல் மாணவர் தலைவன் என்று பலகையில் எழுதலாம்.

டிசம்பர் 2

இசக்கி ஒரு வழி சொன்னான். விழாவை, தேர்வு தொடங்கும் டிசம்பர் பதினைந்துக்கு முன்னால் நகர்த்தி, பள்ளி நாளிலேயே கொண்டாடிவிடலாம். ஃபாதரிடம் பெயரைச் சொல்லிவிட்டால் மறுக்க முடியாது. இரண்டு நாள் கேட்டால் இரண்டு நாளும் கிடைக்கும். பேட்ஜ், பலகை, வாக்குறுதி எல்லாம் பிழைக்கும். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என்ன பேச வேண்டும் என்று கால்புள்ளி உட்பட ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

ஃபாதர் சாப்பாட்டு அறையில் ஒரு நீள பெஞ்சை மேடைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு சவேரியார் விழா. சவேரியார், சேவியர், ஃபிரான்சிஸ் சேவியர் என்று போர்டிங்கில் பாதிப் பேர். மேசை போதாது. இன்னொரு முனையைப் பிடிக்கச் சொன்னார். தூக்கினோம்.

“நாங்க படிக்கையிலயும் இந்த நாளுக்கு இப்படித்தான் கூட்டம். எனக்கு எப்பவும் பரிமாறுற முறைதான்” என்றார். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நாளைக்கு யார் யாரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் சண்டை வராது என்று அடுத்து யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

“என்ன விஷயமா வந்தீங்க தலைவரே?”

பெஞ்சு தூக்கத்தான் வந்தேன் என்றேன்.

அறைக்கு வந்ததும் இசக்கி என்ன ஆயிற்று என்று பிடுங்கினான். நாள் மாற்றிக் கொண்டாடினால் அது எங்கள் லீவாக இருக்கும், அவருடைய விழாவாக இருக்காது. இதை அவனிடம் சொன்னேன். அவன் காய்ச்சல் இருக்கிறதா என்று என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

டிசம்பர் 22

தேர்வு முடிந்தது. வகுப்புத் தலைவர்கள் கூட்டத்தில் எழுந்து, லீவு வாங்க முடியவில்லை என்று சொன்னேன். பிறகு ஃபாதரின் விழா என்றைக்கு என்பதையும், அது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதையும் சொன்னேன். கடைசியாக, இருபத்தாறாம் தேதி காலை எல்லோரும் பள்ளிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஃபாதருக்கு மட்டும் தெரியக் கூடாது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்கள். “லீவு வாங்கித் தாரேன்னு ஓட்டு வாங்குன. இப்ப லீவு அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுத” என்றான் ஜெனால்டு. அவனிடம் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்தேன். அவன் சிரிக்காமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்த ஓட்டை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. இது ஒன்றும் அழுகிற விஷயம் இல்லை. ஜலதோஷம் பிடித்திருக்கிறது.

டிசம்பர் 25

வீட்டில் இருக்கிறேன். அண்ணன் கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்திருக்கிறான். பலகையில் உன் பெயர் ஏறியாச்சா என்றான். பெயின்டர் வரவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

நாளைக்குக் காலையில் கேசரி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். நள்ளிரவுப் பூசை, பிரியாணி, விருந்தாளிகள் என்று அலுத்துப்போயிருந்தவள், எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். “அந்த ஃபாதருக்கா?” என்றவள் முந்திரி டப்பாவை முழுசாகக் கவிழ்த்துவிட்டாள்.

டிசம்பர் 26

முதல் பஸ். மடியில் கேசரி. ஊர் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக் கேட்டில் நானும் இசக்கியும் மட்டும் நின்றோம். அவன் அம்மாவும் கேசரி செய்து கொடுத்திருந்தாள். இரண்டு பேருக்கு இரண்டு தூக்குவாளிக் கேசரி, ஆளுக்கு ஒரு மாலை. யாரும் வராவிட்டால் நாமே தின்றுவிட்டுப் போகலாம் என்று இசக்கி ஆறுதல் சொன்னான். அப்புறம் பாக்கியநாதன் சார் ஸ்கூட்டரில் வந்தார். அவர் மனைவி பின்னால் ஒரு பெரிய பாத்திரத்தை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதுவும் கேசரி.

பிறகு அந்திரேயா, அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு சவேரியார்கள், ஒரு கும்பலாக. உள்ளூர்ப் பையன்கள் சைக்கிளில். எண்ணத் தொடங்கியவன் நடுவில் விட்டுவிட்டேன். ஒவ்வொருவன் கையிலும் டிபன் பாக்ஸ். மஞ்சள் கேசரி, சிவப்புக் கேசரி, கலர் போடாத கேசரி. வேறு எதையாவது கொண்டுவரலாம் என்று ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

கடைசியாக ஜெனால்டு வந்தான். அவன் மாலை எதுவும் கொண்டுவரவில்லை. நேரே என்னிடம் வந்து சட்டைப்பையிலிருந்து பேட்ஜை எடுத்தான். “மாலை போடுறது தலைவர்தானாம். எனக்கு வாழ்த்தெல்லாம் படிக்க வராது. பிடில” என்றான். அவனே என் சட்டையில் மாட்டிவிட்ட அவசரத்தில் ஊசி என்னைக் குத்திவிட்டது.

சத்தம் கேட்டு ஃபாதர் மாடியிலிருந்து வேட்டியும் பனியனுமாக எட்டிப் பார்த்தார். என்னடே, யாருக்கும் வீடு இல்லையா என்று கேட்டார். கீழே வாருங்கள் என்றோம். அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து, பழக்கத்தில் மேடைமேல் தன் நாற்காலியை இழுத்தார்.

பாக்கியநாதன் சார் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். ஆறு மாதமாக ‘ஃபாதர்’, ‘சொல்லுங்க ஃபாதர்’ என்றே பேசிக்கொண்டிருந்தவர்.

“அங்க இல்லல ஸ்தேவான். அது ஃபாதர் சீட்டு. ஃபீஸ்டுப் பையன் உக்காருற இடம் இந்தா இருக்கு.”

ஃபாதர் சாரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மேசையில் வரிசையாக இருந்த கேசரிகளைப் பார்த்தார். பிறகு அந்திரேயா அன்று உட்கார்ந்த நாற்காலியில் போய் மெதுவாக உட்கார்ந்தார். நான் மாலை போட்டேன். வாழ்த்து மடலை முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். ஜலதோஷம் இன்னும் விடவில்லை என்று எழுதலாம், ஆனால் அப்படி எழுதப் போவதில்லை. அழுதேன். ஃபாதரும்தான்.

பரிமாறினோம். எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டார். ஒன்றை மட்டும் வாயில் போட்டதும் நிறுத்தி, “இது யாரு செஞ்சது?” என்றார். ஜெனால்டு எழுந்து நின்றான். அம்மா ஊரில் இல்லாததால் அவனே கிண்டினானாம். “சீனின்னு நெனச்சு உப்பைப் போட்டிருக்க” என்று சொல்லிவிட்டு, ஃபாதர் அதையும் முழுசாகச் சாப்பிட்டார்.

மதியம் பஸ் ஸ்டாப் வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் கழற்றவில்லை.

பஸ் கிளம்பியதும்தான் இசக்கி என் தொடையில் ஓங்கி அடித்தான். “லே, லீவு கேட்டியா?”

கேட்கவில்லை. ஜூன் மாதத்திலிருந்து இதற்காகவே சாப்பிட்டு, இதற்காகவே தூங்கி, கடைசியில் மறந்தே போய்விட்டேன். ஜன்னலில் தலையை நீட்டி, “ஃபாதர், லீவு!” என்று கத்தினேன். அவர் ரோட்டோரத்தில் நின்று காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். நானும் இசக்கியும் சேர்ந்து கத்தினோம். மறுபடியும் குவித்தார். மூன்றாம் முறை பஸ்ஸில் இருந்த எங்கள் பையன்கள் எல்லோரும் கத்தினோம். டிரைவர் திரும்பி ஏதோ திட்டினார்.

ஃபாதர் கையை உயர்த்தியபோது பஸ் வளைவில் திரும்பிவிட்டது. ஒரு விரல்தான் என்கிறான் இசக்கி. இரண்டு என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்கிறான் ஜெனால்டு. வெறும் டாட்டா காட்டினார் என்கிறார்கள் சவேரியார்கள். ஊர் வந்து சேரும்வரை சண்டை ஓயவில்லை.

பள்ளி திறந்தால் தெரிந்துவிடும். எனக்கு அவசரம் இல்லை.